இந்தப் புத்தகத்தைச் செய்தது யார்?

ஐந்து வயதுக் குழந்தையின் கையில் ஒரு படப்புத்தகத்தைக் கொடுத்தால், அது முதலில் படத்தைப் பார்க்கும், அப்புறம் பக்கத்தைத் தடவிப் பார்க்கும், அதற்கும் அப்புறம், "இதை யார் செய்தது?" என்று கேட்கும். வீட்டில் இருக்கிற பெரியவர்கள் இதற்கு என்ன பதில் சொல்லுகிறார்கள் என்றால், "யாரோ செய்தார்கள், நீ பேசாமல் படி" என்பதுதான். இன்னும் சிலர், கிழித்துவிடப் போகிறது என்று புத்தகத்தையே பிடுங்கிப் பரண்மேல் வைத்துவிடுவார்கள். குழந்தையும் இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு மூன்றாந்தரம் கேட்பதை நிறுத்திக்கொள்ளும்.

அந்தக் கேள்வி சாமானியமான கேள்வி அல்ல என்பது நமது அபிப்பிராயம். அச்சில் வந்ததெல்லாம் உண்மை என்று நம்பிக்கொண்டு ஐம்பது அறுபது வயது வரையில் காலந்தள்ளுகிற பெரிய மனிதர்களில் பலர், ஐந்து வயதில் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதில் கிடைக்காமல் அதை மறந்து போனவர்களே ஆவார்கள். பானையைக் குயவன் செய்வது போலவும், மேசையைத் தச்சன் செய்வது போலவும், புத்தகத்தையும் ஒரு மனிதன்தான் உட்கார்ந்து யோசித்து, எழுதி, அடித்து, திருத்திச் செய்திருக்கிறான். ஆகையால் அதைப் பாராட்டவும் செய்யலாம். அதில் குற்றம் காணவும் செய்யலாம். முடிந்தால் நாமே ஒன்று செய்தும் பார்க்கலாம். இந்த அறிவு சிறு வயதிலேயே உண்டாகிவிட்டால், பிறகு எந்தப் புத்தகத்தைக் காட்டியும் அந்தப் பிள்ளையை யாரும் மிரட்ட முடியாது.

இந்த அறிவை எப்படி உண்டாக்குவது? பிரசங்கம் செய்தா? ஐந்து வயதுக் குழந்தைக்குப் பிரசங்கம் எதற்கு? பள்ளிக்கூடத்துப் புத்தகசாலையில் நல்ல படப்புத்தகங்களைக் குழந்தையின் கைக்கு எட்டும்படி வைத்து, ஒரே ஆசிரியரின் புத்தகங்களைத் தொடர்ந்து பார்க்கவிட்டாலே போதும் என்று சொல்லுகிறோம்.

அமெரிக்காவிலே செய்கிற முறை

அமெரிக்க ஆரம்பப் பள்ளிக்கூடங்கள் பலவற்றில் ஒரு வழக்கம் இருக்கின்றது. உபாத்தியாயரும் புத்தகசாலையைப் பார்த்துக்கொள்ளுகிறவரும் சேர்ந்து, பிள்ளைகளுக்குப் பிடித்த படப்புத்தக ஆசிரியர் ஒருவரை எடுத்துக்கொள்ளுகிறார்கள். சில வாரங்களுக்கு அவருடைய புத்தகங்களே பேச்சு. ஒன்றை உரக்கப் படித்துக் காட்டுவார்கள். மற்றவற்றைப் பிள்ளைகளே எடுத்துப் புரட்டுவார்கள். எது எது ஒன்றுபோல் இருக்கின்றது, எது எது மாறியிருக்கின்றது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்லவேண்டும்.

அங்கே படப்புத்தக அலமாரியை அடுக்கி வைத்திருக்கிற விதத்திலேயே ஒரு பாடம் இருக்கின்றது. நாய்க் கதை ஒரு பக்கம், பூனைக் கதை ஒரு பக்கம் என்று பெரும்பாலும் வைப்பதில்லை. ஆசிரியருடைய குடும்பப் பெயரின் முதலெழுத்துப்படி வைத்திருப்பார்கள். ஒரு புத்தகம் பிடித்துப்போன குழந்தை அந்த இடத்துக்கே திரும்பிப் போனால், அதே மனிதர் செய்த மற்றப் புத்தகங்களும் பக்கத்திலேயே இருக்கும். புத்தகம் என்றால் அதற்கு ஒரு ஆள் உண்டு என்பது எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்குக்கூட இதனால் விளங்கிவிடுகின்றது.

இப்படிப் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கிற ஆசிரியர்களில் எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்பவர் ஒருவர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல விரும்புகிறோம்.

பீட்டர் என்ற பையன்

1962ல் கீட்ஸ் ஒரு புத்தகம் வெளியிட்டார். பனி பெய்த நாள் என்று அதற்கு நம் பாஷையில் பெயர் சொல்லலாம். பீட்டர் என்ற சிறு பையன் காலையில் எழுந்து பார்க்கிறான். தெருவெல்லாம் வெள்ளையாகப் பனி மூடியிருக்கிறது. சிவப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு வெளியே போகிறான். பனியில் காலடி பதித்துப் பார்க்கிறான், குச்சியால் கோடு இழுக்கிறான், சறுக்கி விளையாடுகிறான். கடைசியில் நாளைக்கு வேண்டும் என்று ஒரு பனி உருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். இரவு பையில் கையை விட்டால் உருண்டையைக் காணோம்! கதை இவ்வளவுதான். இதில் நீதி போதனை கிடையாது. கெட்ட பையனுக்குத் தண்டனை கிடையாது. உருண்டை எங்கே போயிற்று என்று பீட்டருக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. படிக்கிற குழந்தைதான் யோசிக்கிறது. இதைவிடப் பகுத்தறிவுப் பாடம் வேறென்ன வேண்டும்?

இந்தப் பீட்டர் ஒரு புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. 1964ல் வந்த புத்தகத்தில் தன் நாய் வில்லியைக் கூப்பிடச் சீழ்க்கையடிக்கக் கற்றுக்கொள்ளப் பாடுபடுகிறான். 1967ல் வந்ததில், தன் பழைய தொட்டிலுக்கும் நாற்காலிக்கும் தங்கைப் பாப்பாவுக்காக வர்ணம் அடிக்கிறார்கள் என்று கோபித்துக்கொண்டு, மிச்சமிருந்த சிறு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நாயோடு வெளியேறுகிறான். அதில் உட்கார்ந்து பார்த்தால், அவன் வளர்ந்துவிட்டான், நாற்காலி கொள்ளவில்லை! பிறகு அவனே தகப்பனோடு சேர்ந்து அதற்கு வர்ணம் அடிக்கிறான். 1972ல் வந்த புத்தகத்தில் பீட்டருடைய தோழன் ஆர்ச்சி, வளர்ப்புப் பிராணிகளின் காட்சிக்குத் தன் பூனையைக் காணாமல், ஒரு வெறும் ஜாடியைக் கொண்டுவந்து அதற்குள்ளே ஒரு கிருமி இருக்கிறது என்று சொல்லிப் பரிசும் வாங்கிவிடுகிறான்.

இந்தப் புத்தகங்களை ஒருசேரப் பரப்பி வைத்துப் பாருங்கள். பீட்டர் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்திருப்பதைக் குழந்தை தானே கண்டுபிடிக்கும். அதே நாய், அதே தெரு, அதே தோழர்கள் என்று விரலால் காட்டும். ஒரு புத்தகத்தைக் கதை என்று கேட்டுவிட்டுப் போகலாம். ஏழு புத்தகங்களில் அதே பையன் வந்தால், இவனை ஒருவர் நினைத்து நினைத்துச் செய்திருக்கிறார் என்பது குழந்தைக்குத் தெரியாமல் போகுமா?

கையும் கத்தரிக்கோலும்

அப்படியானால் அவர் இதை எப்படிச் செய்தார்? கீட்ஸ் அந்த முதல் புத்தகத்தின் படங்களை வெறும் தூரிகையால் எழுதவில்லை. காகிதத்தையும் துணியையும் வெட்டி ஒட்டினார். பீட்டரின் தாய் உடுத்தியிருக்கும் உடுப்பு, அலமாரித் தட்டுக்கு விரிக்கிற எண்ணெய்த் துணி. பனித் திவலைகளுக்கு ரப்பரில் அச்சு வெட்டி வர்ணம் தோய்த்து ஒற்றினார். பீட்டர் படுத்திருக்கும் அறையின் மங்கலான சுவருக்குப் பல் தேய்க்கும் பிரஷ்ஷினால் கறுப்பு மையைத் தெறித்தார். ஆக, உபயோகித்த சாமான்களெல்லாம் எந்த வீட்டிலும் கிடைக்கிறவை.

இதைக் கேட்ட பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? கத்தரிக்கோலும் பசையும் கேட்கிறார்கள். தாங்களே வெட்டி ஒட்டி ஒரு பக்கம் செய்கிறார்கள். கோணலாகத்தான் இருக்கும், இருக்கட்டும். புத்தகம் வானத்திலிருந்து விழுவதில்லை, கையால் செய்யப்படுவது என்பதை அந்தக் கோணல் பக்கம் கற்றுக்கொடுத்ததுபோல் ஆயிரம் பிரசங்கம் கற்றுக்கொடுக்காது. 1983ல் கீட்ஸ் காலமானார். அவர் பெயரால் நடக்கிற ஸ்தாபனம், நியூயார்க் நகரத்துப் பொதுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தாங்களே எழுதிப் படம்போட்டுப் புத்தகம் கட்டிக்கொண்டு வருகிற போட்டி ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வந்திருக்கின்றது. அவருக்குச் சிலை வைப்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று சொல்லுவோம்.

ஏழை வீட்டுப் பிள்ளை

இவ்வளவும் செய்தவர் யார்? பிரபுவா? பெரிய கலாசாலைப் பண்டிதரா? இரண்டும் இல்லை. 1916ல் நியூயார்க்கைச் சேர்ந்த புரூக்ளினில், போலந்திலிருந்து பிழைக்க வந்த யூதத் தாய்தகப்பன்மாருக்குப் பிறந்தவர். தகப்பனார் ஒரு காப்பிக் கடையில் பரிமாறுகிற வேலை பார்த்தவர். படம் எழுதினால் சோறு கிடைக்காது என்று மகனைக் கண்டித்துக்கொண்டே இருந்தவர். ஆனால் அவ்வப்போது வர்ணக் குழாய் வாங்கிவந்து, யாரோ பட்டினி கிடந்த ஓவியன் ஒரு கிண்ணம் சூப்புக்குப் பதிலாகக் கொடுத்துப் போனான் என்று பொய் சொல்லி மகனிடம் கொடுப்பாராம். 1935ல், மகனுடைய பள்ளிப் படிப்பு முடியும் விழாவுக்கு முந்திய நாள், அவர் தெருவிலேயே மாரடைத்து இறந்துபோனார். அடையாளம் சொல்லப் போன மகன் தகப்பனாரின் பணப்பையைத் திறந்து பார்த்தான். தான் படம் எழுதிப் பரிசு வாங்கிய செய்திகளைப் பத்திரிகையிலிருந்து வெட்டி, நைந்துபோகும் வரையில் அதில் அவர் வைத்திருந்தார்.

பிறகு கீட்ஸுக்கு இன்னொரு அனுபவமும் ஏற்பட்டது. யூதன் என்றால் வேலை கொடுக்கத் தயங்குகிற காலம். பிறந்தபோது வைத்த பெயர் ஜேகப் எஸ்ரா காட்ஸ். 1947ல் அதை மாற்றிக்கொண்டார். பிறப்பைச் சொல்லும் பெயரை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது என்கிற நிலைமை ஒரு மனிதனுக்கு எப்படிப்பட்டது என்பதை நம் வாசகர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை.

மற்றவர்கள் எழுதிய பிள்ளைக் கதைகளுக்குப் பல வருஷம் அவர் படம் எழுதினார். அந்தக் கதைகளில் கறுப்பு இனத்துக் குழந்தை வந்தால் கூட்டத்தில் ஒன்றாக ஓரத்தில் நிற்குமே ஒழிய, கதை அதைப் பற்றியதாக இருக்காது என்பது அவர் கண்ணில் பட்டது. 1940ல் ஒரு பத்திரிகையில் வந்த கறுப்பு இனத்துச் சிறுவன் ஒருவனுடைய போட்டோக்களை வெட்டிச் சுவரில் மாட்டியிருந்தார். இருபது வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிறுவன்தான் பீட்டர் ஆனான். 1963ல் அந்தப் புத்தகத்துக்கு அமெரிக்காவில் படப்புத்தகங்களுக்குக் கொடுக்கிற பெரிய பரிசான கால்டிகாட் பதக்கம் கிடைத்தது.

ஒரு குழந்தை கேட்ட கேள்வி

இனி, விஷயத்தின் உயிர்நாடிக்கு வருகிறோம். நியூயார்க்கில் ஒரு குழந்தைப் பள்ளியில், ஐந்து வயதுக் கறுப்பு இனத்துப் பெண்குழந்தை ஒன்று படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தது. எப்போது பார்த்தாலும் இதில் வெள்ளைக்காரக் குழந்தைகளாகவே இருக்கிறார்களே, ஏன் என்று கேட்டுவிட்டது. கேள்வி அவ்வளவுதான். கல்வித்துறையில் இருந்த நான்சி லாரிக் என்ற அம்மையார் அந்தக் கேள்வியைத் தூக்கி எறியவில்லை. கணக்கெடுத்தார். 1962 முதல் 1964 வரை மூன்று வருஷங்களில் வெளிவந்த 5,206 பிள்ளைப் புத்தகங்களில், கறுப்பு இனத்தவர் ஒருவராவது காணப்பட்டவை 349 மாத்திரமே. அதாவது நூற்றுக்கு ஏழுகூட இல்லை. 1965ல் இதை அவர் பத்திரிகையில் வெளியிட்டார். பெரிய பெரிய பிரசுரக்காரர்கள் அத்தனை பேருடைய லட்சணமும் வெளிப்பட்டது. இதற்கெல்லாம் மூலகாரணம் யார்? எழுத்துக்கூட்டிப் படிக்கும் வயதுகூட ஆகாத ஒரு பெண்குழந்தை!

இன்னொரு சங்கதியும் கேளுங்கள். பீட்டர் புத்தகம் வந்த பிறகு ஒரு உபாத்தியாயர் கீட்ஸுக்குக் கடிதம் எழுதியதாக அவருடைய ஸ்தாபனத்தார் சொல்லுகிறார்கள். அவருடைய வகுப்பிலிருந்த கறுப்பு இனத்துப் பிள்ளைகள் அதுவரையில் தங்களைத் தாங்களே படம் எழுதும்போது இளஞ்சிவப்பு மெழுகுக் குச்சியால் வர்ணம் தீட்டி வந்தார்களாம். பீட்டரைப் பார்த்த பிறகு முதன் முதலாகப் பழுப்புக் குச்சியை எடுத்தார்களாம்.

இதைப் படிக்கும்போது நமக்கு நெஞ்சை அடைக்கிறது. தன் தோலின் நிறம் பெட்டியிலேயே இருந்தும் அதை எடுக்கக் கூசிய குழந்தையின் மனத்தில் அந்தக் கூச்சத்தை விதைத்தவர் யார்? யாரும் வாய்விட்டு, நீ மட்டம் என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. புத்தகம் புத்தகமாக அதனுடைய முகத்தைக் காட்டாமல் இருந்ததே போதும். சுயமரியாதை என்பது மேடையில் ஏறிப் பேசுகிறவர்களுக்கு மாத்திரம் வேண்டிய சரக்கல்ல. மெழுகுக் குச்சி எடுக்கிற கைக்கும் அது வேண்டும்.

பிடித்தவர் என்றால் தப்பாதவரா?

நிற்க, கீட்ஸ் நல்லவர் என்பதால் அவரைப் பூஜை செய்யச் சொல்லுகிறோமா? இல்லை. மேலே சொன்ன லாரிக் அம்மையாரே அவருடைய புத்தகத்தையும் விட்டுவைக்கவில்லை. பையன் கறுப்பு இனத்தவன் என்று கதையில் ஒரு வார்த்தைகூட இல்லையே என்றும், தாயைப் பருத்த உருவமாக, பகட்டான மஞ்சள் கட்டம்போட்ட உடுப்போடு காட்டியிருக்கிறாரே என்றும் குறை சொன்னார். கீட்ஸ் மனம் வருந்தி மறுப்பு எழுதினார். யார் சொன்னது சரி? பின்னால் வந்த புத்தகங்களில் தாயை எப்படி எழுதியிருக்கிறார் என்று பிள்ளைகளே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லட்டுமே! ஒரு புத்தகம் மாத்திரம் தெரிந்தவனால் இதைச் செய்ய முடியாது. ஒரே ஆசிரியரின் புத்தகங்கள் பலவற்றைப் பார்த்தவனால்தான் முடியும்.

இதேபோல் எரிக் கார்ல் என்று இன்னொருவர். பசித்த புழு ஒன்று தின்று தின்று வண்ணத்துப்பூச்சி ஆகிற கதையை 1969ல் வெளியிட்டவர். உலகமெங்கும் குழந்தைகளுக்குப் பிடித்த புத்தகம் அது. அதில் புழு, பட்டுப்புழு கட்டுவது போன்ற கூடு கட்டுவதாக எழுதியிருக்கிறார். வண்ணத்துப்பூச்சிப் புழு சாதாரணமாக அப்படி நூற்கூடு கட்டுவதில்லை. தோலை உரித்துவிட்டு, கெட்டியான ஓட்டுக்குள் இருப்பது போல் தொங்கும். இதைப் பலர் அவரிடம் எடுத்துக் காட்டினார்கள். கூட்டை விட்டு வெளியே வா என்று தன் தகப்பனார் தன்னைச் சொல்லுவது வழக்கம், அதனால் அப்படி எழுதினேன் என்றும், கூடு கட்டுகிற அபூர்வமான வண்ணத்துப்பூச்சி இனமும் உண்டு என்றும் அவர் பதில் சொன்னார். பதிலை ஒப்புக்கொள்ளுவதும் ஒப்புக்கொள்ளாததும் பிள்ளைகளின் இஷ்டம். புத்தகத்தைக் கேள்வி கேட்கலாம், செய்தவர் பதில் சொல்லவேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். மிகவும் பிடித்தவரும் தப்புவார் என்று ஆறு வயதில் தெரிந்துகொண்டவன், பிற்காலத்தில் எந்தத் தலைவனுக்கும் எந்தப் பத்திரிகைக்கும் — நம் பத்திரிகை உள்பட — அடிமையாகமாட்டான்.

ஆட்சேபணைகளுக்குச் சமாதானம்

படம் பார்ப்பது ஒரு படிப்பா, வாய்ப்பாடு ஒப்பிக்கவேண்டிய நேரம் வீணாகிறதே என்பார்கள் சிலர். வாய்ப்பாடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒப்பிக்கிறவனுக்கு ஒருவர் முன்னே சொல்லவேண்டும். ஒத்துப் பார்க்கிறவனுக்கு அது வேண்டியதில்லை.

குழந்தைக்கு எது நல்ல புத்தகம் என்று பெரியவர்கள் தீர்மானித்தால் போதாதா என்பார்கள் வேறு சிலர். இதற்கு நியூயார்க் பொதுப் புத்தகசாலையின் சரித்திரமே பதில் சொல்லும். அங்கே பிள்ளைகள் பகுதிக்குத் தலைவியாயிருந்த ஆன் கரோல் மூர் என்ற அம்மையார் குழந்தைகளுக்காக மிகவும் பாடுபட்டவர், சந்தேகமில்லை. ஆனால் 1947ல் வந்த குட்நைட் மூன் என்ற படப்புத்தகம் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் 1941லேயே வேலையிலிருந்து விலகிவிட்டார். ஆனாலும் அவர் சொல்லுக்கு இருந்த செல்வாக்கு போகவில்லை. அந்தப் புத்தகம் 1972 வரையில், அதாவது 25 வருஷம், அந்தப் புத்தகசாலைக்குள் நுழையவில்லை. வெளியிலே வீடு வீடாகக் குழந்தைகள் அதைக் கேட்டுத் தூங்கினார்கள். நல்லவர்கள் ஒருவருடைய ருசியே இப்படி 25 வருஷம் கதவை அடைக்கும் என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

அதே புத்தகசாலை 2020ல் தன் 125 வருஷக் கணக்கைப் பார்த்தது. எல்லாப் புத்தகங்களிலும் அதிகமாக இரவல் போனது எது? பெரிய புலவர்களின் நூலா? வேதாந்தமா? அல்ல, கீட்ஸின் பனி பெய்த நாள்தான். 4,85,583 தடவை! ஒருகாலத்தில் ஓரத்தில் நிற்கக்கூட இடமில்லாதிருந்த பையன், அந்நகரத்தில் எல்லோரையும்விட அதிகம் வீடு ஏறி இறங்கியவன் ஆனான்.

செய்யவேண்டியது

இவ்வளவு தூரம் கடல் கடந்த சங்கதி சொன்னது, அமெரிக்காக்காரனை மெச்சுவதற்காக அல்ல. உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஒரு நாள் போய்ப் பாருங்கள். புத்தக அலமாரி இருக்கின்றதா? இருந்தால் பூட்டியிருக்கின்றதா? சாவி யாரிடம்? பூட்டியிருந்தால், கிழிந்தால் கிழியட்டும், திறந்துவிடுங்கள் என்று கேளுங்கள். கிழியாத புத்தகம் படிக்காத புத்தகம். படப்புத்தகங்களைக் கீழ்த்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே ஆசிரியர் செய்தவை மூன்று நான்கு சேர்ந்து இருக்கும்படி கேளுங்கள். அந்த ஆசிரியரின் படத்துக்கு மாலை போட்டு, பிறந்த தேதியை மனப்பாடம் செய்யச் சொல்லி ஆரம்பித்தார்களானால், அது வேண்டாம், புத்தகத்தைக் கொடுத்தால் போதும் என்று சொல்லுங்கள்.

வீட்டிலே குழந்தை, இதைச் செய்தது யார் என்று கேட்டால், அட்டையில் இருக்கிற பெயரைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத தாய்தகப்பன்மார் வெட்கப்பட வேண்டாம். அந்தப் பெயரைப் பிள்ளையையே எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மில் யாரும் இதற்குள் இல்லையே என்று அது கேட்டால், வாயை மூடு என்று சொல்லாதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாம்தான். பதில் இல்லாவிட்டால் ஒரு காகிதத்தையும் குச்சியையும் கொடுத்து, நீயே செய் என்றாவது சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.